காலி இடம் என்னும் சாக்கு

"ஆளே சேரவில்லை, இதில் கலந்தாய்வு எதற்கு?" தனியார் பி.எட். கல்லூரிகளின் மாணவர் சேர்க்கையை அரசு ஒழுங்குபடுத்த வேண்டும் என்று யார் வாயைத் திறந்தாலும் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். தாளாளர்கள் கேட்பதில் வியப்பில்லை. ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், கல்யாணப் பந்தியிலும், என்னோடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் கூடுகிற டீக்கடையிலும் இதே கேள்விதான் என் காதில் விழுகிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் கேள்வி தலைகீழாக நிற்கிறது.

முதலில் அவர்கள் தரப்பை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 600-க்கும் மேற்பட்ட பி.எட். கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றில் அரசுக் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. இந்த 21 கல்லூரிகளின் ஏறத்தாழ 2,000 இடங்களுக்குத்தான் அரசு கலந்தாய்வு நடத்துகிறது. மற்றக் கல்லூரிகள் தாங்களே விண்ணப்பம் கொடுத்து, தாங்களே சேர்த்துக்கொள்கின்றன. அது அப்படியே இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். படிப்பு 2015-இல் ஓராண்டிலிருந்து இரண்டாண்டானது. அரசு வேலையும் அருகிப்போனது. பல கல்லூரிகள் பாதி இடத்தைக்கூட நிரப்ப முடியாமல் திணறுகின்றன. பாடத்திட்டத்துக்கும் ஆசிரியர் எண்ணிக்கைக்கும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதி போட்டிருக்கிறது. தேர்வைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. கட்டணம் நிர்ணயிக்கக் குழு இருக்கிறது. கடைசியில் ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற 'டெட்' நிற்கிறது. இத்தனைக்கும் மேல் சேர்க்கையிலும் அரசு கைவைத்தால், அரசு பி.எட். கல்லூரியே இல்லாத ராமநாதபுரம் போன்ற மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், உப்பூரை ஒட்டிய கடற்கரைச் சாலையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். ஒரு பிப்ரவரி மாத மதியம் பைக்கில் ஒருவர் வந்தார். கட்டைப் பையில் பன்னிரண்டு ரெக்கார்டு நோட்டுகள், பன்னிரண்டு சான்றுப் படிவங்கள். "சார், நம்ம காலேஜ் பிள்ளைங்க இங்க பயிற்சி எடுத்த மாதிரி ஒரு கையெழுத்து." பதினாறு வாரம் என் பள்ளியில் பாடம் நடத்தியதாக நான் சான்று தர வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. நோட்டுகளைப் புரட்டினேன். பன்னிரண்டும் ஒரே கையெழுத்து. ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு எழுதிய பாடத்திட்டத்தில் பன்னிரண்டு நோட்டிலும் 'ஒளிசேர்க்கை' என்று ஒற்று விடுபட்டிருந்தது. ஒரே பிழையைப் பன்னிரண்டு பேர் செய்ய முடியாது. ஒருவர் பன்னிரண்டு தடவை செய்யலாம். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு முந்தைய வருடம், புதிதாகப் பொறுப்பேற்றிருந்தபோது, இதே போன்ற ஏழு படிவங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த ஏழு பேர் இன்று எந்த வகுப்பில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் நான் வெளியாள் அல்ல.

இனி வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காலி இடம் இருப்பதால் கட்டுப்பாடு தேவையில்லையாம்!

இடம் குறைவாக இருந்தால் நடக்கும் மோசடி நன்கொடை. இடம் மிகுதியாக இருந்தால் நடக்கும் மோசடி வருகைப் பதிவேடு. முதலாவதைத் தடுக்க 1992-இலேயே தமிழ்நாட்டில் நன்கொடைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டாவதை மோசடி என்று சொல்லவே நமக்கு நா எழவில்லை. "வேலைக்குப் போய்க்கிட்டே படிக்குது பாவம்" என்று இரக்கப்படுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 2014 விதிமுறைப்படி இரண்டாண்டும் சேர்த்து 200 மாணவர் உள்ள கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர் வேண்டும். ஆண்டுக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை. மாணவர் உண்மையிலேயே வந்தால் இதெல்லாம் செலவு. வராத மாணவருக்கு ஆசிரியர் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், நூலகத்தில் நாற்காலிகூட வேண்டாம். அவரிடமிருந்து வருவது கட்டணமும், 'வராததற்கு' என்று தனியாக வாங்குகிற தொகையும். ஆக, கல்லூரிக்கு அதிக லாபம் தருபவர் கல்லூரிப் பக்கமே தலைகாட்டாத மாணவர். இந்தச் சந்தையில் ஒழுங்காக வகுப்பு நடத்துகிற கல்லூரிதான் நஷ்டப்படும். "அங்க வர வேண்டாங்கிறாங்க, நீங்க மட்டும் ஏன் சார் தினமும் வரச் சொல்றீங்க?" என்று மாணவரே அந்த முதல்வரைக் கேட்பார். ஒழுங்கான கல்லூரியின் தாளாளர்தான் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டும். சங்க ஒற்றுமைக்காக அவரும் வாய்மூடி இருக்கிறார்.

காலி இடம்தான் ஏஜென்ட்டைப் பிறப்பிக்கிறது. பொறியியலில் கலந்தாய்வுக்கு வந்த இடத்தைத் தரவரிசை நிரப்புகிறது. பி.எட்.டில் நிரப்புவது கமிஷன். தலைக்கு இவ்வளவு என்று பேசி ஆள் பிடிக்கிறார்கள். ஜூன் பிறந்தால் உப்பூர் பஸ் நிறுத்தத்தில் விநாயகர் கோயில் விழா பேனருக்குப் பக்கத்திலேயே 'பி.எட். அட்மிஷன் நடைபெறுகிறது' என்று ஒரு பேனர் ஏறிவிடும். அதில் இருக்கும் எண் கல்லூரி அலுவலக எண் அல்ல. ஆள் பிடிப்பவரின் செல்போன் எண்.

"கலந்தாய்வு வந்துதான் டி.டி.எட். படிப்பு செத்தது, அடுத்து பி.எட்.டா?" என்று கேட்பவர்களும் உண்டு. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு ஒற்றைச் சாளரம் இருந்தது உண்மை. நூற்றுக்கணக்கான தனியார் பயிற்சிப் பள்ளிகள் மூடியதும் உண்மை. ஆனால் இடைநிலை ஆசிரியர் பணி நியமனம் பல ஆண்டு படுத்துக்கிடந்ததால்தான் அந்தப் படிப்புக்கு ஆள் போகவில்லை. பதவி இல்லாத ஊரில் பட்டயத்துக்கு என்ன மதிப்பு? அதற்குக் கலந்தாய்வின் மேல் பழி போடுவது, மழை பெய்யாததற்குக் குடையைத் திட்டுவது.

2. 'டெட்' வடிகட்டிவிடுமாம்!

தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12-இல் நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள்; தேறியவர்கள் 2,448 பேர். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போதாது என்று முறையீடு எழுந்து, மூன்று மணி நேரம் தந்து அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். அதிலும் தேறியவர்கள் 19,000 பேரைச் சுற்றித்தான். கேள்வித்தாள் கடினம், நேரம் குறைவு, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அதன் பிறகும் அந்த எண்ணிக்கை பயிற்சிக் கல்லூரிகளின் மேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வடிகட்டி என்று இவர்கள் சொல்வது எங்கே இருக்கிறது? இரண்டு வருடம், கட்டணம், பேருந்துச் செலவு, அடகு வைத்த நகை, இவை எல்லாம் போன பிறகு இருக்கிறது. ஆள் சேர்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, பட்டம் வாங்கி வெளியே வந்தவரைப் பார்த்து 'நீ தகுதி இல்லை' என்று சொல்வதற்கு வடிகட்டல் என்று பெயர் வைத்திருக்கிறோம். காசு வாங்கியவர் மேல் அந்தத் தேர்வு ஒரு கீறலும் போடாது. எந்தக் கல்லூரி மாணவர் எத்தனை பேர் தேறினார்கள் என்று சேர்க்கைக் காலத்தில் மாணவர் கண்ணில் படும்படி யாரும் ஒட்டி வைப்பதில்லை.

இன்னொன்று. தகுதித் தேர்வு 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத்தான். தேறாதவர் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. சொற்பச் சம்பளத்துக்குக் கிடைக்கும் தனியார் பள்ளியில் சேர்கிறார். மீன் விற்ற காசில் தன் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த அம்மாவுக்கு, முன்னால் நிற்கும் மிஸ் ஒரு நாள்கூட வகுப்பறையில் நின்று பயிற்சி எடுக்காதவர் என்று எப்படித் தெரியும்? 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொன்னது. இருபது வருடம் பாடம் எடுத்தவர் புத்தகமும் கையுமாக அலைகிறார். வகுப்புக்கே போகாமல் பட்டம் தரும் வாசல் மட்டும் திறந்தே கிடக்கிறது. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

3. கண்காணிக்க ஏற்கெனவே அமைப்புகள் இருக்கின்றனவாம்!

இருக்கின்றன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம் 1993-இல் வந்தது. குழுமம் 1995 முதல் இயங்குகிறது. நமது ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-இல் அறிக்கை தந்தது. அதை மேற்கோள் காட்டித்தான் 2020 தேசியக் கல்விக் கொள்கை, நாட்டின் 10,000-க்கும் மேற்பட்ட தனித்த ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று எழுதியது. அந்தக் கொள்கையின் பல பக்கங்களோடு எனக்குச் சண்டை உண்டு. இந்த வரியோடு இல்லை.

ஆய்வுக்குழு ஒரு நாள் வரும். அன்று ஆசிரியர்கள் இருப்பார்கள், மாணவர்கள் இருப்பார்கள், நூலகத்தில் புத்தகத்துக்குத் தூசி தட்டியிருக்கும். மறுநாள் யார் இருந்தார்கள் என்பது வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். அனுமதிக் கடிதம் கையில் இருப்பதும் வேலை முறையாக நடப்பதும் ஒன்றல்ல என்று உப்பூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலா 800 மெகாவாட்டில் இரண்டு அலகு என்று இங்கே தொடங்கிய அனல் மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி இருந்தது. 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது. நிலத்தையும் நீர்வழியையும் காட்டி ஊரார் கேள்வி கேட்டதால்தான் ஆவணம் திரும்பத் திறக்கப்பட்டது. கல்லூரி விஷயத்தில் ஊரார் கேள்வி கேட்க ஆவணமே வெளியில் இல்லை.

எதிர்த்தரப்பு இங்கே என்னை மடக்கலாம். பொறியியலில் கலந்தாய்வு இருந்தும் என்ன ஆயிற்று? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியதை வெளிக்கொணர்ந்ததே? ஆமாம். கலந்தாய்வு சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முறைகேடு எப்படிப் பிடிபட்டது? கல்லூரிவாரியாக ஆசிரியர் பட்டியல் இணையத்தில் இருந்தது. யாரோ உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பொது வெளியில் பெயர் இருந்தால் திருட்டு ஒரு நாள் மாட்டும். ஒதுக்கீட்டு ஆணை, மாணவர் பெயர், அவர் பயிற்சி எடுக்கும் பள்ளி, இவை ஒரே பட்டியலில் இருந்தால் என் முன்னால் அந்தப் பன்னிரண்டு நோட்டு வந்திருக்காது.

4. நீதிமன்றம் தனியாருக்கு உரிமை தந்துவிட்டதாம்!

டி.எம்.ஏ. பாய் வழக்கின் 2002 தீர்ப்பைப் பாதி படித்தவர்கள் சொல்வது இது. நிறுவனம் நடத்த உரிமை உண்டு என்ற அதே தீர்ப்பு, தொழிற்கல்விச் சேர்க்கை நியாயமாக, வெளிப்படையாக, தகுதி அடிப்படையில் நடக்க வேண்டும் என்றும் சொன்னது. 2005 இனாம்தார் வழக்கில் அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்கக் கூடாது என்றார்கள். முறைகேட்டைத் தடுக்க மையமாகச் சேர்க்கை நடத்துவதைத் தடுக்கவில்லை. 2016-இல் மாடர்ன் டென்டல் காலேஜ் வழக்கில் தனியார் தொழிற்கல்லூரிகளின் சேர்க்கையையும் கட்டணத்தையும் ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்குத் தனி உரிமை உண்டு, இருக்கட்டும். பொறியியலில் அவை 50 விழுக்காடும் மற்றவை 65 விழுக்காடும் கலந்தாய்வுக்குத் தருகிறபோது வானம் இடிந்து விழவில்லை.

'மாணவர் எதிர்காலம்' என்ற கேடயமும் பழையது. அங்கீகாரம் இல்லாத ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சேர்ந்துவிட்ட மாணவர்களைத் தேர்வு எழுத அனுமதிக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை, 1991-இல் புனித ஜோசப் ஆசிரியர் பயிற்சி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முதலில் கண்டபடி சேர்ப்பது, பிறகு சேர்ந்தவர்களை முன்னால் நிறுத்தி இரக்கம் கேட்பது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் தந்திரம் மாறவில்லை.

5. நுழைவுத் தேர்வை எதிர்க்கும் மாநிலம் இதைச் செய்யலாமா என்கிறார்கள்.

யார் நுழைவுத் தேர்வு கேட்டார்கள்? தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் வைத்து ஒற்றைச் சாளரத்தில் சேர்த்துக் காட்டிய மாநிலம் இது. பி.எட்.டுக்கு அதையே செய்யச் சொல்கிறேன். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் கண்ணெதிரே தெரிகிறது: நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்புக்கு தேசியத் தேர்வு முகமை 2023 முதல் பொது நுழைவுத் தேர்வு நடத்துகிறது. நம் வீட்டை நாம் ஒழுங்குபடுத்தாவிட்டால், ஒழுங்கின்மையைக் காரணம் காட்டியே அந்தத் தேர்வு பி.எட்.டுக்கும் வரும்.

6. கிராமத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்?

இந்த ஒரு கேள்வியைத்தான் நான் மதிக்கிறேன். உப்பூரிலிருந்து அரசு பி.எட். கல்லூரி என்றால் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். உதவி பெறும் கல்லூரி என்றால் மதுரை. மஞ்சூரில் இருக்கும் அரசுப் பயிற்சி நிறுவனம் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கானது. பட்டம் முடித்து, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருக்கும் பெண் விடுதியில் போய்த் தங்க முடியாது. அவளுக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரிதான் கதி. சரி. அந்தக் கதி அவளை எப்படி நடத்துகிறது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், என் முன்னாள் மாணவி, கடலுக்குப் போகிறவரின் மகள். ஏஜென்ட் பேச்சை நம்பி ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அட்டவணைச் சாதி என்பதால் 'ஸ்காலர்ஷிப் வந்துரும், ஒண்ணும் கட்ட வேண்டாம்' என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை அசல் சான்றிதழ்களை அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. பாதியில், உங்கள் இடம் நிர்வாக ஒதுக்கீடு, உதவித்தொகை வராது, முழுப் பணமும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். மத்திய அரசு 2018-இல் திருத்திய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு இடமில்லை என்பது சேர்த்தவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்ததும் தெரிந்திருக்கும். "சர்டிபிகேட்டை வாங்கிக் குடுங்க சார், படிப்பே வேணாம்" என்று என் வீட்டு வாசலில் நின்று அழுதாள்.

தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு உண்டு என்று தமிழ்நாடு 2006-இலேயே சட்டம் போட்டது. எந்தத் தனியார் பி.எட். கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம், யார் சேர்ந்தார்கள் என்று பட்டியல் பார்த்தவர் யாராவது உண்டா? பட்டியலே வெளியிடாத இடத்தில் ஒதுக்கீடு என்பது தாளில் இருக்கும் சொல். அந்தப் பெண் கலந்தாய்வில் இதே கல்லூரியை எடுத்திருந்தால், அவள் இடம் அரசு ஒதுக்கீட்டு இடமாகியிருக்கும். உதவித்தொகை கேட்க உரிமை வந்திருக்கும். கட்டணம் எவ்வளவு என்று ஆணையிலேயே அச்சாகியிருக்கும். கிராமத்துப் பெண்ணுக்காகத்தான் கட்டுப்பாடு வேண்டாம் என்பவர்கள், கட்டுப்பாடு இல்லாததன் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு வழியே இல்லை என்பதும் சரியல்ல. பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் பி.எட். நடத்துகின்றன. அதில் போதாமை இருந்தால் அதை விரிவாக்குங்கள் என்று கேட்கலாம். தினசரிக் கல்லூரி என்ற பெயரில் தொலைநிலையைத் திருட்டுத்தனமாக நடத்த அது காரணமாகாது.

கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. தனியார் கல்லூரிகளின் பெரும்பகுதி இடங்களை இப்போது 21 கல்லூரிக்கு நடக்கும் அதே கலந்தாய்வில் சேருங்கள். அதை இழுத்தடிக்காமல் பட்டப்படிப்பு முடிவு வந்த கையோடு முடியுங்கள்; தாமதத்தால் ஆள் போய்விடுகிறது என்ற குறை நியாயமானது. காலியாகும் இடத்தைக் கல்லூரியே நிரப்பட்டும், ஆனால் அந்தப் பெயரும் அதே பட்டியலில் ஏறட்டும். எந்த மாணவர் எந்தப் பள்ளியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பயிற்சி என்பதை அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பட்டும். பைக்கில் யாரும் கொண்டுவர வேண்டாம். ராமநாதபுரத்தில் ஓர் அரசு பி.எட். கல்லூரி திறங்கள்.

போன ஜூனில் அந்தப் பெண்ணின் தங்கை வந்திருந்தாள். பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். "எந்தக் காலேஜ்ல சார் சேரலாம்?" என்றாள். பக்கத்து வீட்டுப் பையன் பொறியியலுக்குக் கேட்டபோது போனிலேயே கட்-ஆஃப், காலி இடம், கட்டணம் எல்லாம் பார்த்துச் சொன்னேன். இவளுக்குப் பார்த்துச் சொல்ல ஒரு பட்டியலும் கிடைக்கவில்லை. கையிலிருந்த துண்டுச்சீட்டை நீட்டினாள். பஸ் நிறுத்தப் பேனரிலிருந்து எழுதிக்கொண்டு வந்த செல்போன் எண்.